இல்லாத ஊருக்குப் போகும் வழி

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது நம் வழக்கம். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் இருக்கும் வின்கான்டன் என்ற ஊர் அந்தச் சம்பிரதாயமெல்லாம் பார்க்கவில்லை. 2002-ம் வருஷம் டிசம்பர் மாதம், ஆங்க்-மோர்ப்போர்க் என்ற மாநகரத்தோடு 'இரட்டை நகரம்' என்று சம்பந்தம் செய்துகொண்டது. ஊர் எல்லையில் போர்டும் எழுதி வைத்தாகிவிட்டது. இதில் ஒரு சின்ன சங்கடம். மாப்பிள்ளை ஊர் இந்த பூமியிலேயே கிடையாது!

ஏமாந்து செய்த கல்யாணம் இல்லை ஸார், தெரிந்தே செய்தது. ஆங்க்-மோர்ப்போர்க் என்பது டெர்ரி ப்ராட்செட் என்ற எழுத்தாளர் தன் நாவல்களுக்காகக் கட்டிய நகரம். 'இல்லாத ஊருக்குப் போகாத வழி' என்று நம் பாட்டிமார் கிண்டலாகச் சொல்வார்களே, அந்த ஊருக்கு வழி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் எக்ஸெட்டர் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். வழியில் சாலிஸ்பரி வரும். அங்கே தேவாலயத்தின் கோபுரம் 123 மீட்டர் உயரம், பிரிட்டனிலேயே உயரமானது. அதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து முடிவதற்குள் டெம்பிள்கூம் என்ற குட்டி ஸ்டேஷன் வந்துவிடும். இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். வின்கான்டனுக்கென்று இருந்த ரயில் பாதையை 1966-லேயே மூடிவிட்டார்கள். மிச்ச நாலைந்து மைலுக்கு டாக்ஸி.

டாக்ஸிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குதிரையா, ஆமையா?"

ஊரில் ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் ஒன்று அதற்காக வருவார்கள், இல்லாவிட்டால் ப்ராட்செட்டுக்காக. "ஆமை" என்றேன். "நல்லது. பணம் பத்திரமாக இருக்கும்" என்று வண்டியை எடுத்தார்.

ஆமை மேல் யானை, யானை மேல் உலகம்

ஆமை என்றால் சாதாரண ஆமை இல்லை. விண்வெளியில் நீந்திக்கொண்டே இருக்கும் பிரம்மாண்டமான ஆமை. பெயர் ஆ'டுயின். அதன் முதுகில் நான்கு யானைகள். யானைகளின் தோளில் தோசைக்கல் மாதிரி தட்டையாக ஓர் உலகம். அதனால் அதற்குப் பெயர் டிஸ்க்வேர்ல்டு, தட்டுலகம். விளிம்பில் கடல் அருவியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நமக்கு இதெல்லாம் கேட்ட கதைதான். கூர்மாவதாரத்தில் ஆமை மந்தர மலையைச் சுமந்தது. திசைக்கு ஒன்றாக எட்டு யானைகள் உலகத்தைத் தாங்குவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறாள். இந்தச் சேதி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. ப்ராட்செட் எட்டு யானையில் நாலை மிச்சம் பிடித்துவிட்டார். ஆனால் நம் ஆட்கள் யாருக்கும் தோன்றாத ஒரு சந்தேகம் அவருக்கு வந்தது. இந்த ஆமை ஆணா, பெண்ணா? முதல் நாவலில், விளிம்போரத்தில் இருக்கும் ஒரு தேசத்தார் இதைக் கண்டுபிடிப்பதற்காகவே ஒரு விண்கலம் கட்டி, ஆளை உட்கார வைத்து விளிம்பிலிருந்து தள்ளிவிடத் தயாராகிறார்கள். நியாயமான சந்தேகம்தானே? இந்த ஆமை ஜோடி தேடிக் கிளம்பினால் முதுகில் இருப்பவர்கள் கதி என்னாவது?

அந்த முதல் நாவல்தான் 'தி கலர் ஆஃப் மேஜிக்'. 1983 நவம்பரில் வந்தது. பிரிட்டனில் முதலில் அச்சடித்தது எத்தனை பிரதி தெரியுமா? 506. நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகையே அதைவிடக் கூட அடிப்போம். அதன் கதாநாயகனும் அந்த எண்ணிக்கைக்குத் தகுந்த ஆசாமிதான்.

மந்திரம் தெரியாத மந்திரவாதி

பெயர் ரின்ஸ்விண்ட். ஒல்லி, தாடி, அழுக்கு அங்கி. தலையில் கூம்புத் தொப்பி. அதில் 'மந்திரவாதி' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும், அதுவும் தப்பாக. ஒரு இஸட் போட வேண்டிய இடத்தில் இரண்டு இஸட்! 'மந்த்திரவாதி' என்று எழுதிய போர்டை வாசலில் மாட்டியிருக்கும் மலையாள மாந்திரீகரை நம்பி நீங்கள் உள்ளே போவீர்களா? அந்த மாதிரி.

படித்தது ஆங்க்-மோர்ப்போர்க்கின் 'காணாப் பல்கலைக்கழக'த்தில். பாஸ் பண்ணவில்லை. மாணவனாக இருந்தபோது யாரோ பந்தயம் கட்டினார்கள் என்று, திறக்கவே கூடாத புத்தகம் ஒன்றைத் திறந்துவிட்டான். உலகத்தைப் படைத்த எட்டு மகா மந்திரங்கள் அதில் இருந்தன. அதில் ஒன்று குதித்து இவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெரிய அதிகாரி குடியேறிய வீட்டுப் பக்கம் மற்ற குடித்தனக்காரர்கள் தலைவைத்துப் படுப்பார்களா? அந்த மந்திரத்துக்குப் பயந்து வேறு எந்த மந்திரமும் அவன் தலைக்குள் நிற்பதில்லை. தீக்குச்சி பற்றவைக்கும் மந்திரம்கூட வராது. பல்கலைக்கழகம் வெளியே தள்ளிவிட்டது.

அங்கே எட்டு என்ற எண்ணையே மந்திரவாதிகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அபசகுனம். நம் நியூமராலஜி ஜோசியர்கள் அந்த ஊருக்குப் போனால் சௌக்கியமாகப் பிழைக்கலாம். மந்திரத்துக்கென்று தனி நிறமும் உண்டு. வானவில்லின் எட்டாவது நிறம். மந்திரவாதிகளுக்கும் பூனைகளுக்கும் மட்டும்தான் தெரியும். நாவலின் பெயர் அந்த நிறத்தைக் குறிப்பதுதான். ரின்ஸ்விண்ட் மந்திரவாதி என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே ருசு, அந்த நிறம் அவன் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். வேலை கிடைக்காத பட்டதாரி டிகிரி சர்ட்டிஃபிகேட்டை லாமினேட் பண்ணி வைத்திருப்பது போல.

அவனுக்கு உருப்படியாகத் தெரிந்தது இரண்டு. பல பாஷைகள் பேசுவான். ஓடுவான். எங்கிருந்து என்பதுதான் முக்கியம், எங்கே என்பது அப்புறம் என்கிற ரகம். மந்திரவாதி சாகும்போது எமன் நேரில் வந்து அழைத்துப் போக வேண்டும் என்பது அந்த உலகத்து விதி. ரின்ஸ்விண்டைத் தேடி வந்து வந்து எமனுக்கே அலுத்துப் போகிறது. இந்த எமன் பேசும் வசனம் முழுக்க இங்கிலீஷில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. எனவே நம் பாஷையில் மொழிபெயர்த்தால் எமன் பாடு திண்டாட்டம்தான்.

சுற்றுலாப் பயணி வந்தார்

இந்த ஓட்டாண்டியின் வாழ்க்கையில் ஒரு நாள் கப்பலிலிருந்து இறங்குகிறார் டூஃப்ளவர். அந்த உலகத்தின் முதல் டூரிஸ்ட். கண்ணாடி போட்ட, யாரைக் கண்டாலும் சிரிக்கிற சாதுவான மனிதர். கையில் ஒரு கேமரா. அதற்குள் ஒரு குட்டிச்சாத்தான் உட்கார்ந்து பிரஷ்ஷால் படம் வரைந்து கொடுக்கும். கலர் தீர்ந்துவிட்டால் உள்ளேயிருந்து சத்தம் போடும். அவர் பின்னாலேயே நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களோடு ஒரு மரப்பெட்டி ஓடி வரும். எஜமானரைத் தொட்டால் பெட்டி ஆளையே விழுங்கிவிடும். பிறகு திறந்து பார்த்தால் துவைத்து மடித்த துணிதான் இருக்கும். விமானத்தில் பெட்டியைப் பறிகொடுத்து ஏர்போர்ட்டில் ரப்பர் பெல்ட்டையே வெறித்துப் பார்த்து நின்றிருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியின் அருமை புரியும்.

அதெல்லாம் இருக்கட்டும், டூஃப்ளவர் என்ன உத்தியோகம்? இன்ஷூரன்ஸ் குமாஸ்தா!

பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாயாஜாலக் கதை என்றால் ராஜகுமாரன் வருவான், பூதம் வரும். நம்ம சைடிலிருந்து யாரும் வந்ததில்லையே! ஆங்க்-மோர்ப்போர்க்கில் இன்ஷூரன்ஸ் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. டூஃப்ளவர் ஒரு சாராயக் கடை முதலாளிக்கு ஃபயர் பாலிஸி எழுதிக் கொடுக்கிறார். கடை எரிந்தால் பணம் வரும் என்ற ஷரத்து மட்டும் முதலாளிக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. அப்புறம் என்ன? அன்றைக்கே கடையில் தீ. கடையிலிருந்து தெரு, தெருவிலிருந்து நகரம்! தார்மீக அபாயம் என்று இன்ஷூரன்ஸ் பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பதை இந்த மனிதர் ஒரே அத்தியாயத்தில் முடித்துவிட்டார்.

நகரத்தின் லட்சணம் வேறு. நடுவில் ஓடும் நதி அவ்வளவு கெட்டி, அதன் மேல் நடந்தே அக்கரை போகலாம். (சென்னைவாசிகளுக்கு இங்கே பாசம் பொங்கும்.) திருடர்களுக்கு அங்கீகாரம் பெற்ற சங்கம் உண்டு. வருஷத்துக்கு இவ்வளவு திருட்டு என்று கணக்கு. திருடிவிட்டு ரசீது கொடுத்துவிட்டுப் போவார்கள். லைசென்ஸ் இல்லாமல் திருடினால் சங்கமே பிடித்துத் தண்டிக்கும்.

டூஃப்ளவரின் தேசத்தில் தங்கம் மலிவு. தன்னிடம் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அறியாமல், ரின்ஸ்விண்டைத் தங்கக் காசு சம்பளத்தில் கைடாக வைத்துக்கொள்கிறார். ரின்ஸ்விண்ட் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு குதிரையேறிக் கம்பி நீட்டுகிறான். நகர ஆட்சியாளர் ஆளைப் பிடித்து, "அந்த மனிதனுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு" என்று உத்தரவு போடுகிறார். பயந்தாங்கொள்ளிக்கு பாடிகார்டு வேலை!

டூஃப்ளவருக்கு எல்லாமே அழகு. கத்திக்குத்து நடந்தால் ஓடிப் போய்ப் படம் எடுப்பார். ரின்ஸ்விண்டுக்கு எல்லாமே ஆபத்து. ஒருவர் கண்ணுக்கு அபாயம் தெரியாது, இன்னொருவன் கண்ணுக்கு வேறு எதுவுமே தெரியாது. இருவரில் யார் தனியாகப் போயிருந்தாலும் முதல் நாளே கதை முடிந்திருக்கும். நான்கு பாகங்களும் தாண்டி, கடைசியில் ரின்ஸ்விண்ட் உலகத்தின் விளிம்பிலிருந்தே கீழே விழுகிறான். 'தொடரும்' போட்டாயிற்று. அடுத்த புத்தகம் 1986-ல்தான் வந்தது. மூன்று வருஷம் ஒரு மனுஷனை அந்தரத்தில் தொங்கவிட்டதற்கு நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்களே கைகூப்ப வேண்டும்.

கரண்ட் ஆபீஸ் உத்தியோகஸ்தர்

எழுதியவர் அப்போது முழுநேர எழுத்தாளர் இல்லை. 1948-ல் பிறந்த ப்ராட்செட், பதினேழு வயதில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தவர். 'தி கலர் ஆஃப் மேஜிக்' வந்த காலத்தில் மத்திய மின் உற்பத்தி வாரியத்தில் பிரஸ் ஆபீஸர். அணுமின் நிலையங்கள் அவர் பொறுப்பு. 1979-ல் அமெரிக்காவில் த்ரீ மைல் தீவில் அணு உலை விபத்து நடந்து ஊரே கிலியில் இருந்த சமயம். "பயப்பட ஒன்றும் இல்லை" என்று பகலெல்லாம் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஒருத்தனைப் பற்றி எழுதியிருக்கிறார்! நாவலில் ஓர் இடத்தில் ரின்ஸ்விண்ட் நம் உலகத்துக்குத் தவறி வந்து ஒரு விமானத்தில் விழுகிறான். அங்கே அவன் யார் தெரியுமா? அணு உலை நிபுணர். ஆபீஸை மனுஷர் கனவிலும் விடவில்லை.

1984-ல் பி.பி.ஸி. ரேடியோ 'உமன்ஸ் அவர்' நிகழ்ச்சியில் நாவலைத் தொடராக வாசித்தார்கள். சமையலறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேப்பர்பேக் வந்தது, பிடித்துக்கொண்டது. 1987-ல் வேலையை விட்டார். 1990-களில் பிரிட்டனில் மிக அதிகம் விற்ற எழுத்தாளர் அவர்தான். தட்டுலக நாவல்கள் மொத்தம் 41.

அதன் அடையாளம் வின்கான்டன் கடைத்தெருவில் இருக்கிறது. டிஸ்க்வேர்ல்டு எம்போரியம் என்று ஒரு கடை. இல்லாத நகரத்தின் தெரு மேப், அந்த நகரத்தின் தபால் தலைகள் எல்லாம் விற்கிறார்கள். நான் போனபோது பாதி வழுக்கையான ஒருவர், டை கட்டி, ஆபீஸ் பையோடு, ஒரு தபால் தலையை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லாத ஸ்டாம்ப்புக்குத்தான் அவ்வளவு ஆராய்ச்சி.

சாக்ஸில் அரைச் செங்கல்

எல்லாம் சரி, ஓடிக்கொண்டே இருப்பவனை எப்படி ஐயா கதாநாயகன் என்பது? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 1988-ல் வந்த 'ஸோர்சரி' படிக்கும் வரை.

அதில் ஒரு பத்து வயசுப் பையன் வருகிறான். மந்திரத்துக்கே ஊற்றுக்கண் போன்றவன். செத்துப்போன அப்பா அவன் கைத்தடிக்குள் புகுந்துகொண்டு பையனை ஆட்டிவைக்கிறார். பல்கலைக்கழகத்தின் பெரிய பெரிய மந்திரவாதிகள் எல்லாரும் பையனுக்கு சலாம் போட்டுவிட்டு, ஒருவரோடொருவர் சண்டை போட்டு உலகத்தையே நாசம் செய்கிறார்கள். எதிர்க்க ஒருத்தருக்கும் துப்பில்லை. அப்போது நம் ரின்ஸ்விண்ட் போகிறான். ஆயுதம்? மந்திரம்தான் வராதே. ஒரு சாக்ஸைக் கழற்றி, அதற்குள் பாதிச் செங்கல்லைப் போட்டுச் சுழற்றிக்கொண்டு போகிறான். படிக்கும்போது சிரிப்புதான் வரும்.

முடிவில் பயங்கரப் பிராணிகள் திரியும் வேறொரு பரிமாணத்தில் அவனும் பையனும் மாட்டிக்கொள்கிறார்கள். பையனை வெளிச்சத்தைப் பார்த்து ஓடச் சொல்கிறான். அவன் தப்பிக்க நேரம் வேண்டுமே? ரின்ஸ்விண்ட் இன்னொரு சாக்ஸில் மணலை நிரப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம், அந்தப் பிராணிகளை நோக்கி ஓடுகிறான். வாழ்நாளெல்லாம் பழகிய ஒரே வித்தை ஓட்டம். அன்றைக்கு திசை மட்டும்தான் மாறியது. பையன் பிழைத்தான். ரின்ஸ்விண்டின் தொப்பி மட்டும் மிஞ்சியது. பல்கலைக்கழக லைப்ரரியன் அதை எடுத்துப் பத்திரப்படுத்துகிறார். லைப்ரரியன் ஓர் உராங்குட்டான் குரங்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குரங்கு, சாக்ஸ், ஸ்பெல்லிங் தப்பான தொப்பி, இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதரால் தொண்டையை அடைக்க வைக்க முடிகிறது.

பயமே இல்லாதவன் சண்டைக்குப் போவதில் என்ன அதிசயம்? அவனுக்கு அது மார்னிங் வாக். ஆபத்தின் நீள அகலம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்த பயந்தாங்கொள்ளி ஒருத்தன், வேறு ஆள் இல்லை என்பதால் போகிறானே, அதற்குத்தான் தைரியம் என்று பெயர். மாதக் கடைசியில் மானேஜர் ரூம் கதவைத் தட்டி, சக ஊழியனுக்காக ஒரு வார்த்தை பேசிய யாருக்கும் இது தெரியும்.

2007 டிசம்பரில் ப்ராட்செட் தனக்கு அல்ஸைமர் நோய் வந்திருப்பதைத் தானே பகிரங்கமாக அறிவித்தார். அபூர்வமான வகை. நினைவுக்கு முன்னால் பார்வையையும் கைப்பழக்கத்தையும் தாக்கும். எழுதிக் குவித்த மனிதருக்கு டைப் அடிக்க வரவில்லை. ஒவ்வொரு மந்திரமாகத் தலையை விட்டுப் போகிற மந்திரவாதி நிலைமை. அவர் வாயால் சொல்லிச் சொல்லி எழுத ஆரம்பித்தார். நோய் தெரிந்த பிறகும் அரை டஜனுக்கு மேல் நாவல்கள் வந்தன. ஆராய்ச்சிக்கென்று பத்து லட்சம் டாலர் கொடுத்தார். 2009-ல் 'ஸர்' பட்டம் வந்தது. பட்டம் வாங்கியவருக்கு வாள் வேண்டாமா என்று, தானே இரும்புத் தாது தோண்டி, உருக்கி, விண்கல் துண்டுகளும் சேர்த்து ஒரு வாள் செய்துகொண்டார். 2015 மார்ச் 12-ம் தேதி, சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் ப்ராட் சாக் கிராமத்தில் தன் வீட்டில் காலமானார்.

முடிக்காத கதைகள் இருந்த ஹார்டு டிஸ்க்கை அழித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். 2017 ஆகஸ்டில் ஒரு கண்காட்சி மைதானத்தில், பழைய நீராவி ரோடு ரோலரைக் கொண்டு வந்து அதன் மேல் ஏற்றினார்கள். அடியில் வைத்த கல் தூளாகிவிட்டது. ஹார்டு டிஸ்க் அவ்வளவாக மசியவில்லை! அப்புறம் கல் உடைக்கும் மெஷினில் போட்டுத்தான் கதையை முடித்தார்கள். ரின்ஸ்விண்ட் ரத்தம் ஓடிய ஹார்டு டிஸ்க், சுலபமாகச் சாகுமா?

வின்கான்டனில் கடைசியாகப் பார்க்க வேண்டியது ஒரு புதுக் குடியிருப்புக் காலனி. 2009-ல் அங்கே இரண்டு தெருக்களுக்கு ஆங்க்-மோர்ப்போர்க் தெருக்களின் பெயரை வைத்தார்கள். ப்ராட்செட்டே நேரில் வந்து திறந்து வைத்தார். ஒன்று பீச் பை தெரு. இன்னொன்று ட்ரீக்கிள் மைன் ரோடு, அதாவது வெல்லப்பாகுச் சுரங்கச் சாலை. பார்க்க விசேஷமாக ஒன்றும் இல்லை. வரிசையாகப் புது வீடுகள், வாசலில் கார்கள், குப்பைத் தொட்டிகள், ஜன்னலில் ஒரு பூனை. அதன் கண்ணுக்கு எட்டாவது நிறம் தெரிகிறதா என்று சற்று நேரம் நின்று பார்த்தேன். அது என்னை மதிக்கவில்லை.

தபால்காரர் ஒருவர் வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டு போனார். இல்லாத ஊரின் தெருப்பெயரை எழுதி நிஜக் கடிதங்கள் வருகின்றன. கரண்ட் பில்லும்தான் வரும். மின்வாரியத்தில் உத்தியோகம் பார்த்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை என்ன இருக்கிறது?